தொண்டைச் சளி: எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் தொண்டைச் சளியைப் பற்றி வெளிவந்த குறிப்பை இரண்டு முறை படித்தேன். சளியை இளக்குவது, கரைப்பது, வெளியேற்றுவது என்று பல வழிகளை அக்குறிப்பு சொன்னதே தவிர, மாதக்கணக்கில் தொண்டையில் தங்கிவிட்ட சளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஓரிடத்திலும் எழுப்பவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் வகுப்பறையில் குரலை நம்பிப் பிழைத்தவன் நான். அவற்றுள் கடைசி நான்கு ஆண்டுகள், ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டே பாடம் நடத்தினேன். அந்தக் கேள்வியை நானும் கேட்காமல், என்னைப் பார்த்தவர்களும் கேட்காமல் கழிந்த காலம் இன்னொருவருக்கும் வீணாக வேண்டாம் என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றுள் உறுதியானவற்றை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. மூக்கிலிருந்து ஒழுகுவதையும் சளி என்கிறோம். நெஞ்சிலிருந்து இருமலோடு வருவதையும் சளி என்கிறோம். நான்கு நாள் தும்மலோடும் தலைபாரத்தோடும் வந்துபோகும் தடுமனுக்கும் அதே பெயர்தான். ‘சளித் தொல்லை’ என்று ஒருவர் சொல்லும்போது இவற்றில் எதைச் சொல்கிறார் என்பது கேட்பவருக்கு விளங்குவதில்லை. நானும் முதன்முதலில் பார்த்த மருத்துவரிடம் ‘சளி’ என்றுதான் சொன்னேன். அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்று சொல்லி, இருமல் மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, காறினால் வருவதில்லை, விழுங்கினால் இறங்குவதில்லை, காலையில் எழுந்ததும் பேசத் தொடங்கும்போதும் மிகுகிறது என்று அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் அவர் வேறு திசையில் யோசித்திருக்கக்கூடும். இதில் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு புட்டியை வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

சளி என்பது உடம்பு வெளியே தள்ள வேண்டிய கழிவு என்ற எண்ணமும் மாற வேண்டும். அது நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு தண்ணீர். மீதியில் மியூசின் என்னும் வழவழப்பான புரதமும், உப்புகளும், கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் இருக்கின்றன. மூக்கும் அதைச் சூழ்ந்த சைனஸ் அறைகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்கு இதைச் சுரக்கின்றன. மூச்சோடு உள்ளே வரும் தூசியும் கிருமியும் இந்தப் பசையில் ஒட்டிக்கொள்ள, மூக்கின் உட்பரப்பில் உள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறை அளவில் அசைந்து அந்தப் படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கி நகர்த்துகின்றன. நுரையீரலின் காற்றுக்குழாய்களில் அதே நுண்மயிர்கள் அதைக் கீழிருந்து மேலே கொண்டுவருகின்றன. இரு வழியும் கூடுமிடம் தொண்டை. அங்கிருந்து எச்சிலோடு கலந்து அது வயிற்றுக்குள் இறங்கிவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் இது நடந்துகொண்டே இருந்தாலும் நாம் உணர்வதே இல்லை.

அப்படி உணராமல் இருந்ததை ஒருநாள் உணரத் தொடங்குகிறோம் என்றால், சுரப்பு கூடியிருக்கலாம். அல்லது சுரப்பு அதே அளவில் இருந்தும் நீர் குறைந்து கெட்டியாகி, நகராமல் ஒட்டிக்கொள்ளலாம். அல்லது அளவும் தன்மையும் மாறாமலே, தொண்டையின் நரம்புகள் கூசிப்போய், வழக்கமாக வழிந்து இறங்குவதையே ஒரு பாரமாக உணரலாம். முதல் இரண்டையும் எல்லாரும் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். மூன்றாவதை எனக்கு எடுத்துச் சொல்லவே நான்கு ஆண்டுகள் ஆயின. தொண்டைக்குள் கருவியைச் செலுத்திப் பார்த்த மருத்துவர் ‘உள்ளே அப்படி ஒன்றும் சளி இல்லையே’ என்றபோது, என் வேதனையை அவர் நம்பவில்லை என்று மனம் நொந்துகொண்டேன். அவர் சொல்ல வந்தது அதுவன்று. வேதனை உண்மை, அதைத் தருவது சளிதான் என்ற என் முடிவே ஆராயப்பட வேண்டியது என்பதைத்தான் அவர் சொன்னார்.

மூக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலோர்க்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தடுமன் வந்துபோன பின்பும் சில வாரங்களுக்குத் தொண்டையில் சளி இறங்கிக்கொண்டிருப்பது இயல்பு. அது மாதக்கணக்கில் நீண்டால், தூசி, மகரந்தம், வீட்டு விலங்குகளின் உதிர்செதிள், பூஞ்சை ஆகியவற்றால் வரும் ஒவ்வாமையை முதலில் நினைக்க வேண்டும். மூக்கரிப்பும் அடுக்குத் தும்மலும் கண்ணரிப்பும் கூடவே இருந்தால் ஐயம் வலுப்படுகிறது. ஒவ்வாமையே இல்லாமல் குளிர்காற்று, கடும் வாசனை, புகை, காரமான உணவு ஆகியவற்றுக்கு மூக்கு ஒழுகுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் தெரிவதில்லை. மூக்கடைப்பு, கெட்டியான ஒழுக்கு, முகத்தில் பாரம், வாசனை தெரியாமை ஆகியவை 12 வாரங்களைத் தாண்டி நீடித்தால் அதை நாட்பட்ட சைனஸ் அழற்சி என்கிறார்கள். அதில் சிலருக்கு மூக்குக்குள் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சியும் இருக்கும். மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பதும் வடிகாலைத் தடுக்கக்கூடும். கருவுற்ற பெண்கள் சிலருக்குப் பிள்ளைப்பேறு வரை மூக்கடைப்பு நீடித்து, அதன் பின் தானே விலகிவிடுவதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் சிக்கியவன் நான். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஆகியவை கொண்ட மூக்கடைப்புச் சொட்டுகள் ஓரிரு நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடுகின்றன. அந்த நிம்மதியே வலை. மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கின் உட்சவ்வு முன்னிலும் மோசமாக வீங்குகிறது. வீக்கத்துக்கு மீண்டும் சொட்டு, சொட்டுக்குப் பின் மீண்டும் வீக்கம். எட்டு மாதங்கள் இரவில் தலைமாட்டில் அந்தச் சிறு புட்டி இல்லாமல் நான் உறங்கியதில்லை. இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டு, உலர்ந்த தொண்டையில் சளி காய்ந்து ஒட்டிக்கொள்ள, காலையில் அரைமணி நேரம் காறிக்கொண்டிருப்பேன். அந்தச் சொட்டையே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்ல ஒருவர் கிடைத்த பிறகுதான் காலைகள் மெல்லச் சீராயின.

சளியின் நிறத்தைப் பற்றியும் பலர் தவறாகவே எண்ணுகிறோம். பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நோயாளியே மருத்துவரைக் கேட்கும் நிலை இருக்கிறது. கிருமியை எதிர்க்கத் திரண்டு வரும் வெள்ளையணுக்களில் உள்ள, இரும்பைத் தன்னுள் கொண்ட ஒரு நொதிதான் அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. வைரஸால் வரும் சாதாரணத் தடுமனிலும் அந்த அணுக்கள் வரும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு செய்ய இயலாது. கடும் காய்ச்சலோ முகத்தில் கடும் வலியோ இல்லாத நிலையில், தொல்லை பத்து நாள்களுக்கு மேல் குறையாமல் நீடிக்கிறதா, சற்றுக் குறைந்து திடீரென்று மீண்டும் மோசமாகிறதா என்பவற்றைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் ஆன்டிபயாடிக்கை நினைக்கிறார்கள். எனக்கு நான்கு ஆண்டுகளில் ஐந்து முறை அது கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் வயிறு கெட்டது. தொண்டை அப்படியே இருந்தது.

மூக்கை விட்டால் அடுத்து வயிறு. உண்டது எதுக்களித்து மேலே வருவதும் நெஞ்செரிச்சலும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் இரைப்பை நீர் உணவுக்குழாயையும் கடந்து குரல்வளை வரை ஏறி, நெஞ்செரிச்சலே இல்லாமல் தொண்டையை மட்டும் புண்படுத்துவதும் உண்டு என்று மருத்துவம் சொல்கிறது. அமிலத்தோடு பெப்சின் என்னும் செரிமான நொதியும் அங்கே வருகிறது. உணவுக்குழாயைவிடக் குரல்வளையின் சவ்வு மென்மையானது. சிறிதளவு பட்டாலும் தாங்குவதில்லை. தொண்டையில் உருண்டை அடைத்தது போன்ற உணர்வு, குரல் கம்மல், படுத்தால் இருமல், ஓயாத செருமல் ஆகியவை இதன் அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றை மதிப்பிட 2002ஆம் ஆண்டில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 45, அதில் 13-ஐத் தாண்டினால் எதுக்களிப்பு என்று ஐயுறலாம்.

அந்தத் தாளை நிரப்பியபோது எனக்கு 22 வந்தது. உடனே அமிலம் குறைக்கும் மாத்திரை எழுதப்பட்டது, மூன்று மாதங்கள் தவறாமல் விழுங்கினேன், பயனில்லை. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த ஒன்பது கேள்விகளில் செருமல், சளி, இருமல், உருண்டை உணர்வு ஆகியவை மூக்கிலிருந்து சளி இறங்கும் ஒருவருக்கும் அப்படியே பொருந்துமல்லவா? மதிப்பெண் தொல்லையின் அளவைக் காட்டுகிறது. அதன் காரணத்தைக் காட்டுவதில்லை. 2021ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்திருக்கிறது. தொடர்ந்த தொண்டைத் தொல்லை கொண்ட 346 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அமிலம் குறைக்கும் லான்சோப்ரசோல் 30 மில்லிகிராமை நாளுக்கு இருவேளையாகவும், மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையாகவும் 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள்; மருந்து கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. உண்மையான நெஞ்செரிச்சல் உள்ளவர்க்கு அம்மாத்திரை பெரும் நன்மை தருவது என்பதில் ஐயமில்லை. தொண்டைச் சளி ஒன்றை மட்டும் காரணமாக வைத்து மாதக்கணக்கில் அதை விழுங்குவதுதான் பொருளற்றது.

எதுக்களிப்பு இருக்கிறதென்றே வைத்துக்கொண்டாலும், மாத்திரைக்கு முன்பு செய்யக்கூடியவை பல. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கிக்கொண்டால் வயிறு மடிந்து அழுத்தம் கூடுமே தவிரக் குறையாது. கட்டிலின் கால்களையே உயர்த்த வேண்டும். இடப்பக்கமாகச் சரிந்து படுப்பது, இடுப்பை இறுக்காத உடை, உடல் எடை மிகுந்திருந்தால் குறைப்பது, புகையையும் மதுவையும் விடுவது ஆகியவை ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக உதவும். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் கலந்த மருந்துகள் வயிற்று நீரின்மேல் ஒரு மிதவைபோலப் படர்ந்து அது மேலேறாமல் தடுக்கின்றன. உணவுக்குப் பிறகு சிலருக்கு அவை நல்ல ஆறுதல் தருகின்றன.

பலர் எண்ணிப் பார்க்காத இன்னொரு காரணம், வேறு நோய்க்காக நாம் உண்ணும் மாத்திரை. எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் சிலருக்குத் தொண்டையில் ஓயாத அரிப்பையும் வறட்டிருமலையும் தருகின்றன. மருந்தைத் தொடங்கிய சில நாள்களிலும் வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதால் இரண்டையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மாற்று மருந்து உண்டு. மாற்றிய சில வாரங்களில் இருமல் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. அதை மருத்துவரே மாற்ற வேண்டும். சிகரெட் புகை நுண்மயிர்களை முடக்கிச் சுரப்பிகளைப் பெருக்குகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயது முதிர்ந்தோர்க்கு எச்சில் சுரப்பும் விழுங்கும் திறனும் குறைவதால், சளி கூடாமலே கூடியதுபோலத் தோன்றுவதும் உண்டு. வீட்டில் மூத்தவர் உணவின்போது அடிக்கடி புரையேறிச் செருமினால், அதைச் சளி என்று ஒதுக்காமல் விழுங்குவதில் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். செருமுதல், கனைத்தல், காறுதல் என்று எப்பெயரிட்டாலும் செயல் ஒன்றே. அந்தச் செயல்தான் தொல்லையை வளர்க்கிறது. செருமும்போது இரண்டு குரல்நாண்களும் ஒன்றோடொன்று பலமாக மோதி உராய்கின்றன. உராய்ந்த சவ்வு சற்றே வீங்குகிறது. வீங்கிய சவ்வைக் காக்க உடம்பு அவ்விடத்தில் மேலும் சளியைச் சுரக்கிறது. அந்தச் சளி மீண்டும் உறுத்துகிறது, மீண்டும் செருமுகிறோம். முதலில் தூண்டிய ஒவ்வாமையோ தடுமனோ என்றோ ஓய்ந்துபோயிருக்கும்; செருமல் மட்டும் தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொண்டிருக்கும். ஒரு மாலையில் என் மனைவி எனக்குத் தெரியாமல் எண்ணிப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் 43 முறை செருமினேன் என்று சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. பத்துப் பதினைந்து இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னைப் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பினார். திக்குவாய்க்கும் பேச்சிழந்தவர்க்கும் பயிற்சி தருபவரிடம் எனக்கென்ன வேலை என்று முதலில் தயங்கினேன். அவர் கற்றுக்கொடுத்தவை எளியவை. செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் முகவாயைச் சற்று மார்பை நோக்கித் தாழ்த்தி, எச்சிலை அழுத்தி விழுங்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் குரல் எழுப்பாமல், ‘ஹ’ என்று மூச்சை மட்டும் வேகமாக வெளியே விட்டு, பிறகு விழுங்க வேண்டும். உதடுகளை மூடி மெல்ல ‘ம்’ என்று முனகுவதும் உதவும். உந்துதல் எழுந்ததும் இவற்றில் ஒன்றைச் செய்து சற்றே பொறுத்தால், அலைபோல் எழுந்த அது தானே தணிந்துவிடுகிறது. முதல் வாரம் மிகக் கடினமாக இருந்தது. தொண்டையில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவது அருவருப்பாகக்கூட இருந்தது. ஆறாம் வாரத்தில் ஒரு முழுப் பாடவேளையைச் செருமாமல் முடித்தேன். அதற்கு ஈராண்டு முன்பு, முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி நான் செருமச் செருமப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். நன்றி சொல்லி ஓரமாக நகர்த்திவிட்டேன். அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்த மருத்துவம் எனக்கு அன்று தெரியவில்லை.

மூக்கே காரணம் என்று தெரிந்தவர்க்கு, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது எளியதும் பயனுள்ளதுமான வழி. அயோடின் சேர்க்காத உப்பு மூன்று தேக்கரண்டியும் சமையல் சோடா ஒரு தேக்கரண்டியும் கலந்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு தேக்கரண்டியை 240 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல்துளையில் ஊற்றிக் கீழ்த்துளை வழியே வடியவிட வேண்டும். குழாய் நீரை நேரே பயன்படுத்தலாகாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நெய்க்லேரியா ஃபௌலேரி என்னும் ஒற்றைச்செல் உயிரி, குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கி, ஏறக்குறைய எப்போதுமே உயிரைப் பறிக்கிறது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறு இறந்தார்கள். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து ஆறவைத்த நீரோ, வாலைவடி நீரோதான் (டிஸ்டில்டு வாட்டர்) பயன்பட வேண்டும். கழுவும் குவளையையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து உலரவைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயைப் பற்றியும் ஒரு சொல். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை ஒவ்வாமை மூக்குக்கு மிக நல்ல மருந்துகள். ஆனால் சொட்டு மருந்தைப்போல் உடனே வேலை செய்வதில்லை. முழுப் பயன் தெரிய நாள்தோறும் அடித்து ஓரிரு வாரங்கள் பொறுக்க வேண்டும். மூன்றாம் நாளே பயனில்லை என்று தூக்கி எறிந்தவர்களுள் நானும் ஒருவன். அடிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்றே முன்னால் குனிந்து, வலக்கையால் இடத்துளையிலும் இடக்கையால் வலத்துளையிலும், நுனி நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம் நோக்கி இருக்குமாறு அடித்து, மெல்ல மூச்சை இழுக்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும்; மூக்குக்கு மிஞ்சுவது ஒன்றுமிராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீராவி பிடிப்பது சற்று நேரம் இதமாக இருக்கும். நோயை அது மாற்றியதாகச் சான்று இல்லை. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோன துயரங்கள் மிகுதி என்பதால் அவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். பால் குடித்தால் சளி கூடும் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. 1990ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தடுமன் வைரஸைச் செலுத்திக்கொண்ட தன்னார்வலர்களின் மூக்குச் சளியை எடைபோட்டுப் பார்த்தபோது, குடித்த பாலுக்கும் வந்த சளிக்கும் தொடர்பு காணப்படவில்லை. பால் எச்சிலோடு கலந்து சற்று நேரம் நாவிலும் தொண்டையிலும் படலமாகத் தங்குவதையே நாம் சளி என்று எண்ணிக்கொள்கிறோம். வளரும் பிள்ளைகளுக்கு இந்த அச்சத்தால் பாலை நிறுத்துவது தவறு. தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் சளியை உலர்த்தி, இருப்பதையும் பசையாக்கிவிடக்கூடும். முதியவர்களுக்கு அவற்றால் மனக்குழப்பமும் சிறுநீர்த் தடையும் வரலாம். போதிய அளவு தண்ணீர் குடிப்பதும், அறைக்காற்று மிக வறண்டு போகாமல் பார்த்துக்கொள்வதும் எல்லாருக்கும் நல்லவை.

இவ்வளவும் ஆபத்தில்லாத தொண்டைச் சளியைப் பற்றியவை. ஆபத்தானதன் அடையாளங்களை ஒருவரும் தவறவிடக் கூடாது. சளியில் இரத்தம், விழுங்குவதில் வலி அல்லது தடை, மூன்று வாரங்களைத் தாண்டிய குரல் கம்மல், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைதல், தொண்டைத் தொல்லையோடு ஒரு காதில் மட்டும் விடாத வலி ஆகியவற்றில் எது இருந்தாலும், குறிப்பாகப் புகையோ மதுவோ பழகியவர்க்கு, காலம் தாழ்த்தாமல் மருத்துவர் தொண்டைக்குள் கருவியைச் செலுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலோடு மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் இருந்தால் காசநோய்க்கான பரிசோதனை வேண்டும். மூச்சிரைப்பும் இளைப்பும் இருந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். தலையைக் குனியும்போது மூக்கின் ஒரு துளையிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டுவது மூளையைச் சூழ்ந்த நீரின் கசிவாக இருக்கக்கூடும். சிறு குழந்தைக்கு ஒரு துளையில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், மணியோ விதையோ உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த முறை தொண்டைச் சளியைப் பற்றி எழுதும்போது, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரும் சேர்ந்து எழுதுமாறு ஏற்பாடு செய்யுங்கள். பின்னவரைப் பற்றி வாசகர்களுக்குத் தெரிவதே இல்லை. அக்கட்டுரையோடு மேற்சொன்ன ஆபத்தான அடையாளங்களையும், மூக்கைக் கழுவக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரே வேண்டும் என்பதையும் தனிக் கட்டமாக, கத்தரித்து வைத்துக்கொள்ளும் அளவில் அச்சிடுங்கள். சென்ற வாரக் குறிப்பில் மூக்கைக் கழுவும் யோசனை இருந்தது. எந்த நீரால் என்பது இல்லை. குறைந்தது அந்த ஒரு வரியையாவது நாளைய இதழிலேயே திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், தங்கள் நெடுநாள் வாசகர்